பயிற்சிக்குப் போய் வந்த மறுநாள்: ஆசிரியர்களின் கேள்விகளுக்கு விடைகள்

பணியில் இருக்கும் பள்ளி ஆசிரியர்கள் தங்கள் தொழிலில் மேலும் கற்றுக்கொள்ள என்னென்ன வழிகள் உள்ளன என்று கேட்டு வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் ஆறு இந்த இதழுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளன. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் ஒன்றில் விரிவுரையாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர் விடையளிக்கிறார்.

கேள்வி: ஈராசிரியர் பள்ளி ஒன்றில் இடைநிலை ஆசிரியையாகப் பதினான்கு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். வட்டார வள மையத்தில் நடந்த பயிற்சிகளில் ஒன்றையும் தவறவிட்டதில்லை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுகிறோம், படக்காட்சி பார்க்கிறோம், குழுவாக அமர்ந்து சார்ட்டில் எழுதி ஒட்டுகிறோம், மாலையில் வீடு திரும்புகிறோம். மறுநாள் என் வகுப்பு முன்பு இருந்தபடியேதான் இருக்கிறது. குறை என்னிடமா, பயிற்சியிலா?

உங்கள் கேள்வி நான் பணியிலிருந்த காலம் முழுவதும் என்னை உறுத்திக்கொண்டிருந்த கேள்வி. குறை பெரும்பாலும் பயிற்சி வந்து சேரும் வழியில் இருக்கிறது. சென்னையில் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் ஒரு கட்டகத்தைத் தயாரிக்கிறது. அதை மாநிலக் கருத்தாளர்கள் மாவட்டக் கருத்தாளர்களுக்கும், அவர்கள் வட்டாரக் கருத்தாளர்களுக்கும், அவர்கள் உங்களுக்கும் சொல்கிறார்கள். மேலே ஐந்து நாள் விவாதித்த செய்தி கீழே வரும்போது இரண்டு நாளாகச் சுருங்குகிறது. விவாதம் உதிர்ந்துபோய் முடிவு மட்டும் வந்து சேர்கிறது. அந்த முடிவு எந்தக் குழந்தையின் எந்தத் தவறுக்கு விடையாகப் பிறந்தது என்பது உங்களுக்குச் சொல்லப்படுவதே இல்லை. கருத்தாளர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. அவர்களும் உங்களைப் போல வகுப்பறையிலிருந்து வந்தவர்கள்தாம்.

ஆகவே பயிற்சிக்குப் போகும்போது வகுப்பிலிருந்து ஒரு சிக்கலை, ஒன்றே ஒன்றை, கையில் எடுத்துச் செல்லுங்கள். நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். மூன்றாம் வகுப்பு ஒன்றில் ஆசிரியை எண்களைச் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். 'நூற்று ஐந்து' என்றதும் ஒரு சிறுமி 1005 என்று எழுதினாள். ஆசிரியை அதைக் கவனக்குறைவு என்று எண்ணி, சரியான விடையைப் பத்து முறை எழுதச் சொன்னார். அவளும் 105 என்று பத்து முறை எழுதினாள். அடுத்து 'இருநூற்று ஏழு' என்றபோது 2007 என்று எழுதினாள். அவளிடம் கவனக்குறைவு எதுவும் இல்லை. இருநூறு என்று காதில் விழுந்ததும் 200 எழுதினாள், ஏழு என்று விழுந்ததும் 7 எழுதினாள். கேட்டதைக் கேட்டபடி எழுதிய குழந்தை அவள்.

நம் மொழியில் இதற்கு இன்னொரு முடிச்சும் உண்டு. தொண்ணூறு என்ற சொல்லுக்குள் நூறு ஒலிக்கிறது, ஆனால் அது நூறு அன்று. தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் ஒலிக்கிறது, ஆனால் அது ஆயிரம் அன்று. எண்பதுக்குப் பின் ஒன்பதின் பத்துகளுக்கு வரும் பெயர் அதுவரை வந்த ஒழுங்கை மீறுவதால், தொண்ணூற்று மூன்றை எழுதச் சொன்னால் தயங்கும் பிள்ளையைப் பார்த்து நாம் வியக்க வேண்டியதில்லை.

இந்தத் தவறைப் பற்றி அந்த ஆசிரியையிடம் தனியாகப் பேசியபோது, அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்குப் பிள்ளைகளின் நோட்டுகளையே எடுத்து வர ஒப்புக்கொண்டார். அவரைப் பார்த்து வேறு சிலரும் தத்தம் பள்ளியின் நோட்டுகளைக் கொண்டுவந்தார்கள். ஏறத்தாழ எல்லா நோட்டிலும் 1005 இருந்தது. அன்று திட்டமிட்டிருந்த படக்காட்சியை ஒதுக்கிவிட்டு, மதியம் முழுவதும் அதைப் பற்றியே பேசினோம். ஒருவர் இடமதிப்பு அட்டைகளைச் செய்து காட்டினார்: 100 என்று எழுதிய நீள அட்டையின் வலது ஓரத்தின் மேல் 5 என்ற சிற்றட்டையை வைத்தால் கடைசிச் சுழியம் மறைந்து 105 தெரிகிறது, சிற்றட்டையைத் தூக்கினால் 100 அடியில் பத்திரமாக இருக்கிறது. நூறு எங்கும் போகவில்லை, ஐந்து அதன் மேல் அமர்ந்திருக்கிறது என்பதைக் குழந்தை தன் விரலாலேயே தெரிந்துகொள்கிறது. காலண்டர் அட்டையும் கத்தரிக்கோலும் போதும். என் பணிக்காலத்தில் நான் பார்த்த மிகச் சிறந்த பயிற்சிகளுள் அந்த மதியமும் ஒன்று. அதற்குச் சுற்றறிக்கையும் இல்லை, சான்றிதழும் இல்லை.

2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறீர்கள். மலர் நிலைக்கு வராமல் நிற்கும் பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது என்பதைத் துல்லியமாக எழுதிவைத்துக்கொண்டு அடுத்த பயிற்சிக்குப் போங்கள். அதைக் கருத்தாளரிடம் கேள்வியாக வையுங்கள். அவருக்கு விடை தெரியாமற் போகலாம், ஆனால் அந்த அறையில் இருக்கும் முப்பது பேரில் யாரோ ஒருவருக்குத் தெரியும். இன்னும் ஒரு படி மேலே போக விரும்பினால், உங்கள் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தை அணுகிச் செயல் ஆராய்ச்சி செய்ய விரும்புவதாகச் சொல்லுங்கள். உங்கள் வகுப்பின் ஒரு சிக்கல், அதற்கு நீங்கள் செய்து பார்த்தது, முன்னும் பின்னும் பிள்ளைகள் எழுதியவை ஆகிய மூன்றையும் ஒழுங்காகத் தொகுத்தால் அதுவே செயல் ஆராய்ச்சி. ஆராய்ச்சி என்ற சொல்லைக் கண்டு அஞ்ச வேண்டாம்.

கேள்வி: நான் மெட்ரிக் பள்ளி ஒன்றில் கணிதமும் அறிவியலும் எடுக்கிறேன். அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கிடைக்கும் பயிற்சிகள் எங்களுக்கு இல்லை. பள்ளி நிர்வாகமும் செலவு செய்வதில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு என்ன வழி?

உங்கள் ஆதங்கம் நியாயமானது. சிபிஎஸ்இ பள்ளிகளில் ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 50 மணி நேரம் தொழில்சார் பயிற்சி பெற வேண்டும் என்ற விதி இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை குறிப்பிடும் அளவும் அதுவே. மெட்ரிக் பள்ளி ஆசிரியரின் கற்றல் நிர்வாகத்தின் மனப்போக்கையே பெரிதும் நம்பியிருக்கிறது. குறைந்த ஊதியத்தில், வாரம் முழுவதும் ஓயாத பாடவேளைகளுக்கிடையில் பணியாற்றும் உங்களைப் பார்த்து 'நீங்களாகக் கற்றுக்கொள்ளுங்கள்' என்று சொல்வது எனக்கே சங்கடமாக இருக்கிறது. இருந்தாலும் பணம் செலவழிக்காமல் கிடைக்கும் வழிகள் உள்ளன.

2017 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்ட, பள்ளிக் கல்விக்கான அரசின் இணையதளமான தீக்ஷா அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு மட்டும் உரியது அன்று. அதிலுள்ள பாடப்பொருள்களை யாரும் பார்க்கலாம். நமது மாநிலப் பாடநூல்களில் அச்சிட்டிருக்கும் கியூஆர் குறியீடுகளைச் செல்பேசியில் படமெடுத்தாலே பாடத்துக்குரிய காணொலிகள் திறக்கும். அதே 2017இல் தொடங்கிய சுவயம் தளத்தில் கல்லூரிப் பேராசிரியர்கள் நடத்தும் படிப்புகளைக் கட்டணமின்றிப் பின்தொடரலாம். தேர்வெழுதிச் சான்றிதழ் பெற விரும்பினால் மட்டும் தேர்வுக் கட்டணம் செலுத்த வேண்டும். கணிதம், அறிவியல் ஆகியவற்றின் அடிப்படைகளை நீங்களே மறுபடி படிக்க இது நல்ல இடம். பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவருக்குப் பத்தாம் வகுப்புப் பாடம் மட்டும் தெரிந்திருந்தால் போதாது.

திரையை விட மனிதர்களிடமிருந்து கற்பதே நெடுநாள் நிற்கிறது என்பது என் அனுபவம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1965 முதல் இயங்கும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் ஆண்டு மாநாடுகள் நடத்துகிறது. அங்கே ஆசிரியர்களே கட்டுரை வாசிக்கிறார்கள். 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்கு மாவட்டந்தோறும் கிளைகள் உண்டு. தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு மாணவர் குழு ஒன்றை வழிநடத்தும் பொறுப்பை ஒருமுறை ஏற்றுப் பாருங்கள். தங்கள் ஊர்க் குளத்து நீரையோ தெருவில் சேரும் குப்பையையோ அளந்து, எழுதி, கேள்வி கேட்கும் பிள்ளைகளுக்கு விடை தேடும் மூன்று மாதத்தில், வழிகாட்டி ஆசிரியர் கற்பது பிள்ளைகள் கற்பதைவிடக் குறைவாக இருக்காது. மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அங்கமான ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் ஆசிரியர்களுக்கான பயிலரங்குகளை நடத்துகிறது. அதன் அறிவிப்புகளை அவ்வப்போது பார்த்து வாருங்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2020 ஊரடங்கின்போது இணையக் கருத்தரங்குகள் பெருகின. பேச்சு தொடங்கிய பத்தாவது நிமிடத்திலேயே படிவம் ஒன்று வந்தது. அதை நிரப்பினால் மின்சான்றிதழ் மின்னஞ்சலில் வந்து விழுந்தது. பேச்சாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே பாதிப் பேர் வெளியேறியதை நானே கண்டேன். இன்றும் பல அமைப்புகள் நூறு, இருநூறு ரூபாய்க்கு இத்தகைய சான்றிதழ்களை விற்கின்றன. அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல கணித நூல் வாங்கலாம்.

கேள்வி: தொடக்கப்பள்ளியில் ஆங்கிலமும் நான்தான் கற்பிக்கிறேன். ஆனால் எனக்கே ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் தொடர்ந்து பேச வராது. இதை வெளியே சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. எனக்குப் பயிற்சி தரும் இடம் உண்டா?

கூச்சத்தை மீறி எழுதியதற்கு உங்களை மனமாரப் பாராட்டுகிறேன். தமிழ்வழியில் படித்து, ஆங்கிலம் பேசும் சூழலே இல்லாத ஊரில் வளர்ந்து, பின்னர் ஆங்கிலம் கற்பிக்கும் பொறுப்பையும் ஏற்ற ஆயிரக்கணக்கான ஆசிரியர்களில் நீங்கள் ஒருவர்.

உங்களைப் போன்றவர்களுக்காகவே பெங்களூரில் தென்னிந்திய மண்டல ஆங்கில நிறுவனம் 1963 முதல் இயங்கி வருகிறது. தென்மாநிலங்களின் ஆசிரியர்கள் அங்கே தங்கி முப்பது நாள் சான்றிதழ்ப் பயிற்சி பெறுகிறார்கள். மாநில அரசு அனுப்பும் ஆசிரியர்களே இதில் கலந்துகொள்வதால், தலைமையாசிரியர், வட்டாரக் கல்வி அலுவலர் வழியாக உங்கள் விருப்பத்தை எழுத்தில் தெரிவித்து வையுங்கள்; சுற்றறிக்கை வரும்போது பெயர் கேட்டால் அலுவலகத்துக்கு முதலில் நினைவுக்கு வருவது ஏற்கெனவே விண்ணப்பித்தவரின் பெயர்தான். ஒரு மாதம் வீட்டை விட்டுத் தங்குவது பெண் ஆசிரியர்களுக்கு எளிதன்று என்பதை அறிவேன். இயலுமானால் குடும்பத்தாரிடம் பேசி அந்த ஒரு மாதத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். அங்கு போய் வந்தவர்களிடம் நான் கண்ட மாற்றம் இலக்கணத்தில் இல்லை, தவறாகப் பேசினாலும் பேசலாம் என்ற துணிவில் இருந்தது.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். நாள்தோறும் வகுப்பில் நீங்கள் சொல்லும் கட்டளைகள், பாராட்டுகள், வினாக்கள் ஆகியவற்றில் இருபதை மட்டும் ஆங்கிலத்தில் எழுதி, உரக்கச் சொல்லிப் பழகி, வேறு எதையும் சேர்க்காமல் ஒரு மாதம் வகுப்பில் பயன்படுத்துங்கள். பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் சேர்ந்தே பழகும்.

இதையொட்டி, ஓசூர், தாளவாடி போன்ற எல்லைப் பகுதிகளில் பணியாற்றும் ஆசிரியர்களுக்கு ஒரு சொல். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். மைசூரில் 1969இல் நிறுவப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தின் தென்மண்டல மொழி மையம், பணியிலிருக்கும் ஆசிரியர்களுக்குப் பிற இந்திய மொழியொன்றைப் பத்து மாதத்தில் கற்பிக்கிறது. குழந்தையின் தாய்மொழியில் அதை ஒருமுறை பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்த ஆசிரியருக்கு வகுப்பறை வேறாகத் தெரியும்.

கேள்வி: தொலைநிலைக் கல்வியில் முதுகலைப் பட்டம் பெற்றால் ஊக்க ஊதியம் கிடைக்குமா?

கூடுதல் கல்வித் தகுதிக்காக ஊக்க ஊதியமாக வழங்கப்பட்டு வந்த முன்ஊதிய உயர்வுகளைத் தமிழ்நாடு அரசு 2020 மார்ச்சில் நிறுத்தியது. பணத்துக்காக மட்டும் பட்டம் படிப்பதாக இருந்தால் அவசரப்பட வேண்டாம். பாடத்துக்காகப் படிப்பதாக இருந்தால் தாராளமாகப் படியுங்கள். சேர்வதற்கு முன்பே துறையின் அனுமதியைப் பெற்று, முடித்ததும் பணிப்பதிவேட்டில் பதிவுசெய்துகொள்ளுங்கள். அனுமதி பெறாமல் படித்துவிட்டுப் பின்னர் பதவி உயர்வின்போது தவிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 51. இருபத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றிய பிறகு ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும் என்கிறார்கள். இரவில் தூக்கம் வரவில்லை. இந்த வயதில் எப்படிப் படிப்பது?

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைக் குறிப்பிடுகிறீர்கள். ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் உள்ளவர்கள் இரண்டு ஆண்டுக்குள் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும் என்றும், ஐந்தாண்டுக்குள் ஓய்வுபெறுவோர் தேர்வின்றிப் பணியைத் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு கோர முடியாது என்றும் அத்தீர்ப்பு கூறியது. இந்தத் தேர்வைக் குறைந்தபட்சத் தகுதியாக்கிய தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அறிவிக்கை 2010 ஆகஸ்டில்தான் வந்தது. நீங்கள் அதற்கும் முன்பே முறைப்படி பணியில் சேர்ந்தவர். இத்தனை தலைமுறைப் பிள்ளைகளை வளர்த்த பிறகு தகுதியைக் கேட்பது உங்களைப் புண்படுத்துவதில் வியப்பில்லை. உங்கள் கற்பித்தல் திறனை ஒரு வினாத்தாள் முழுவதும் அளந்துவிடும் என்று நானும் கருதவில்லை. ஆனால் தேர்வு முன்னே நிற்கும்போது அதற்கு ஆயத்தமாவதே உங்களுக்கு நல்லது. இது தொடர்பாகத் துறை வெளியிடும் ஆணைகளை மட்டும் நம்புங்கள். புலனக் குழுக்களில் சுற்றும் செய்திகளைப் படித்துத் தூக்கத்தை இழக்க வேண்டாம்.

தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கான முதல் தாளில் 150 வினாக்கள்: குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறையும், தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் என ஐந்து பகுதிகளுக்கு முப்பது முப்பதாக. இவற்றில் பெரும்பகுதி நீங்கள் நாள்தோறும் கையில் வைத்திருக்கும் பாடநூல்களிலிருந்து வருவது. ஒன்று முதல் எட்டு வரையிலான மாநிலப் பாடநூல்களை, கற்பிப்பவராக அல்லாமல் மாணவராக, ஒருமுறை முழுவதும் வாசியுங்கள். வழிகாட்டி நூல்களுக்கு அதன் பிறகு போகலாம்.

பலரும் அஞ்சுவது குழந்தை மேம்பாட்டுப் பகுதியைத்தான். பியாஜே, வைகாட்ஸ்கி என்ற உளவியலாளர்களின் பெயர்களை மனப்பாடம் செய்வதால் அது கடினமாகிறது. ஒரே அளவு தண்ணீரை அகலமான கிண்ணத்திலிருந்து ஒடுக்கமான உயரக் குவளைக்கு மாற்றினால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் 'இதில்தான் அதிகம்' என்பார்கள். பியாஜே சொன்னது அதைத்தான். தனியாகச் செய்ய முடியாத கணக்கை, பக்கத்துப் பிள்ளை ஒரு சொல் எடுத்துக் கொடுத்ததும் செய்துவிடும் மாணவனை நீங்கள் ஆண்டுதோறும் பார்க்கிறீர்கள். வைகாட்ஸ்கி அந்த இடைவெளிக்குப் பெயரிட்டார். இருபத்திரண்டு ஆண்டு பார்த்தவற்றுக்கு உரிய பெயர்களைக் கற்றுக்கொள்வதாக எண்ணிப் படியுங்கள்.

அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: இத்தேர்வுக்கான ஆயத்தப் பயிற்சியை வட்டார வள மையங்களில், வேலை நாள்களிலேயே நடத்த வேண்டும். வீட்டு வேலையும் பள்ளி வேலையும் முடித்து இரவு பத்து மணிக்குப் புத்தகம் திறக்கும் ஆசிரியையிடம் இதையும் தனியாகச் சுமக்கச் சொல்வது முறையன்று.

கேள்வி: நான் நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியர். ஆசிரியர்களை வெளியே பயிற்சிக்கு அனுப்பினால் வகுப்புகள் காலியாகின்றன. பள்ளிக்குள்ளேயே ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். ஜப்பானில் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் ஒரு முறையை, நம் நிலைமைக்கு ஏற்பச் சிறிதாக்கிச் செய்யலாம். மூன்று ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுகிறார்கள். ஒருவர் வகுப்பெடுக்க, மற்ற இருவரும் பார்க்கிறார்கள். பார்ப்பவர்கள் ஆசிரியரைப் பார்க்கக் கூடாது, பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அதன் உயிர்.

நானும் ஒரு பள்ளியில் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். ஆறாம் வகுப்பு, மின்சுற்று பாடம். குழுவுக்கு ஒரு மின்கலம், ஒரு சிறு பல்பு, இரண்டு துண்டுக் கம்பி. ஆசிரியர் சிறப்பாக நடத்தினார். முன்வரிசையில் பல்புகள் எரிந்தன, கைதட்டல் எழுந்தது. என் பக்கத்திலிருந்த பையன் ஒரு கம்பியை மட்டும் எடுத்து மின்கலத்தின் மேல் முனையிலிருந்து பல்பின் அடிக்குக் கொண்டுபோய்ப் பிடித்தான். எரியவில்லை. கம்பியை இன்னும் அழுத்தினான். பிறகு மின்கலம் தீர்ந்துவிட்டதென்று முடிவு செய்து, மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டினான். குழாயில் தண்ணீர் வருவதுபோல மின்சாரம் ஒரு வழியாக வந்தால் போதும் என்று அவன் எண்ணியிருக்கிறான். இரண்டாவது கம்பி எதற்கு என்ற கேள்வியே அவனுக்கு எழவில்லை. வகுப்பெடுத்தவருக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை. மாலையில் நான் சொன்னபோது அவர் சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, 'நாளைக்கு ஒரு கம்பியிலிருந்தே தொடங்குகிறேன்' என்றார்.

மாதம் ஒருமுறை, ஒரு பாடவேளை போதும். பார்க்கப் போகும் ஆசிரியர்களின் வகுப்புகளை அந்த நாற்பது நிமிடம் நீங்கள் ஒன்றுசேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். புகைப்படம் எடுத்துத் துறையின் இணையப் பதிவுத் தளமான எமிஸில் ஏற்ற வேண்டாம். பதிவேடு திறக்க வேண்டாம். உங்கள் ஆய்வுக் குறிப்பில் அதைப் பற்றி ஒரு வரியும் எழுத வேண்டாம். கண்காணிப்பு என்ற ஐயம் ஒருமுறை நுழைந்துவிட்டால், ஆசிரியர்கள் ஏற்கெனவே ஒத்திகை பார்த்த வகுப்பைத்தான் நடத்துவார்கள். அந்த ஐயம் எழாமலிருக்க ஒரு வழி உண்டு: முதல் மாதம் வகுப்பை நீங்களே எடுங்கள். உங்களுக்கு எப்போதும் இடறும் பாடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். உங்கள் ஆசிரியர்கள் பின்வரிசைப் பிள்ளைகளின் பக்கத்தில் அமர்ந்து, அந்தப் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று மாலையில் உங்களிடம் சொல்லட்டும்.